முத்துவுக்கு 'எச்' உண்டா, இல்லையா?

"தம்பி, அப்பா பேருல எச் போட்டிருக்கா, இல்லையா?"

கிளிநொச்சியிலிருந்து அக்கா தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. அக்கா என்றால் என் பெரியப்பாவின் மூத்த மகள். 1977 வன்செயலுக்குப் பிறகு திம்புள்ளப் பக்கத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் பெரியப்பாவின் குடும்பமும் ஒன்று. 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, பத்திரங்கள் வைத்திருந்த தகரப்பெட்டி அவர்களிடம் இல்லை. அக்கா பிறந்தது இங்கே, லயத்தில். ஆகவே பிறப்புச் சான்றிதழின் பிரதியை நான்தான் இங்கிருந்து எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது.

பெரியப்பாவின் உண்மைப் பெயர் வேண்டாம். முத்து என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதிய பழைய தாள்களில் அவர் 'எம், யூ, டீ, டீ, யூ'. வன்னிப் பாடசாலைப் பதிவில் 'எம், யூ, டீ, எச், யூ'. அலுவலகத்தில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இது ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். எரிச்சலாக இருந்தாலும், தமிழ் தெரியாத ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில் பிழை இல்லை. முதல் எழுத்துக்கூட்டலை அப்படியே வாசித்தால் 'முட்டு' என்றும் வரும்.

சிக்கலின் வேர் எளிமையானது. நம் 'த'வுக்கு ஆங்கிலத்தில் எழுத்தே இல்லை. நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்வது த. நாக்கை மேலண்ணத்துக்கு மடித்துச் சொல்வது ட. ஆங்கிலேயர் 'டீ' என்ற எழுத்தைச் சொல்லும்போது நாக்கு இரண்டுக்கும் நடுவில், பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறு மேட்டில் படுகிறது. நம் 'ற்ற' பிறக்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். அதனால்தான் வடக்கில் உள்ளவர்கள் 'ஹற்றன்' என்றும் 'பற்றரி' என்றும் எழுதுகிறார்கள். நாங்கள் ஹட்டன் என்போம், அட்டன் என்றும் எழுதுவோம். யார் எழுதுவது சரி என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஆனால் காதுக்கு அருகில் நிற்பது ஹற்றன்தான் என்பதை மலையகத்தானான நானே ஒப்புக்கொள்கிறேன்.

போர்த்துக்கேயர் காலம் தொட்டு ஐரோப்பியர் நம் த-வை வெறும் 'டீ' கொண்டே எழுதினார்கள். தமிழ், தஞ்சாவூர், தூத்துக்குடி, திருகோணமலை என்று எதை எடுத்தாலும் அவர்கள் எழுதிய முறையில் முதல் எழுத்துக்குப் பின்னால் எச் கிடையாது. போர்த்துக்கேயரின் 'டீ' பல்லில் பிறப்பது, எனவே அவர்களுக்கு அது பொருந்தியது. ஆங்கிலேயருக்குப் பொருந்தவில்லை, ஆனாலும் பழக்கம் தொடர்ந்தது.

அப்படியானால் 'எச்' எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் டீயும் எச்சும் சேர்ந்த சொற்கள் ஏராளம். மூன்று என்பதற்கான சொல்லில் அது காற்றாக ஒலிக்கும், 'இது' என்பதற்கான சொல்லில் அதிர்ந்து ஒலிக்கும். தோமஸ் என்ற பெயரிலும் தேம்ஸ் ஆற்றிலும் எச் இருந்தும் இல்லாதது போலத்தான், வெறும் டீயாக ஒலிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்த ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் இருந்தன. இலத்தீன் படித்த எழுத்தர்கள் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதும் முறையைப் பரப்பினார்கள். 1476 இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் வந்தபோது ஐரோப்பியக் கண்டத்து அச்செழுத்துகளில் அந்தப் பழைய எழுத்துகள் இல்லை, அத்தோடு அவை மறைந்தே போயின. சொந்த ஒலிக்கே எழுத்தைத் தொலைத்த மொழியிடம் நாம் நம் ஒலிக்கு எழுத்துக் கேட்டு நிற்கிறோம்.

அந்த இரட்டை எழுத்தைத்தான் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் த-வுக்கு எடுத்துக்கொண்டார்கள். வட இந்தியாவில் இந்தப் பழக்கம் இல்லை. அங்கே எச் சேர்ந்தால் மூச்சை அழுத்திச் சொல்லும் வேறு ஒலி. லதா என்ற பெயரை அவர்கள் எச் இல்லாமல் எழுத, நம் பக்கம் எச் போட்டு எழுதுவது இதனால்தான். சிங்களவர்களுக்கும் இதே தலையிடி உண்டு. ரத்நாயக்க என்ற பெயரை எச் உள்ளதாகவும் இல்லாததாகவும் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்துத் தலவாக்கலையையும் இரண்டு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன்.

திம்புள்ளவின் கதை இன்னொரு மாதிரி. இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசங்களில் ஒன்று என்பதால் உலகம் முழுக்கத் தேயிலைப் பெட்டிகளில் இந்தப் பெயர் போகிறது. சிங்களத்தில் தொடக்க ஒலி அதிர்வுள்ள த. தமிழ் எழுத்தில் அதற்கு வேறுபாடு இல்லை, அதே 'தி' தான். ஆங்கிலத்தில் அதை 'டி' என்ற எழுத்தால் எழுதினார்கள். விளைவு, பெட்டியைப் பார்த்து வாசிக்கும் தமிழ்ப் பிள்ளை 'டிம்புலா' என்கிறது.

ஊர்ப்பெயர் மாறினால் யாருக்கும் நட்டமில்லை. ஆட்பெயர் அப்படியல்ல, அதுவும் எங்களுக்கு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பித்ததில் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் உரிமை கிடைத்தது. பிறகு 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 2003 சட்டம் என்று ஒவ்வொரு முறையும் நாம் யார் என்பதைத் தாள்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தாளை எழுதும் பேனா எப்போதும் வேறொருவர் கையில். வாயால் சொன்ன தமிழ்ப் பெயரைக் கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதுவார், அதைப் பார்த்து இன்னொருவர் சிங்களத்தில் எழுதுவார். சிங்களத்தில் த-வுக்கும் ட-வுக்கும் வெவ்வேறு எழுத்து இருப்பதால், அங்கே முத்து நிரந்தரமாகவே முட்டு ஆகிவிடக்கூடும்.

2017 முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டையில் மூன்று மொழிகளிலும் பெயர் இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பும் நேரத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒருமுறை பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இடம்பெயர்ந்து பத்திரங்களை மீண்டும் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது: உங்களுக்குப் பிடித்த எழுத்துக்கூட்டலைப் போடாதீர்கள், கையில் உள்ள மிகப் பழைய பத்திரத்தில் இருப்பதைப் போடுங்கள். 'சரியான' எழுத்துக்கூட்டல் என்று ஒன்று கிடையாது. ஊழியர் சேமலாப நிதிக்குப் போனாலும் கடவுச்சீட்டுக்குப் போனாலும், பத்திரங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்றுதான் பார்ப்பார்கள்.

அக்காவின் விடயம் சத்தியக்கடதாசியில் முடிந்தது. மேற்படி இரு பெயர்களாலும் அழைக்கப்படுபவர் ஒருவரே என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, சமாதான நீதவான் முன்னிலையில் அக்கா ஒப்பமிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், தட்டச்சு செய்தவர் ஓரிடத்தில் டீ இரண்டும் எச் ஒன்றும் போட்டு மூன்றாவதாக ஒரு முத்துவை உருவாக்கியிருந்தார். மறுநாள் திரும்பப் போய் இன்னொன்று அடித்தோம்.

இப்போது பேத்தியைப் பாடசாலையில் சேர்க்க விண்ணப்பம் நிரப்புகிறார்களாம். நேற்று மறுபடி அழைப்பு. "தம்பி, இதுல எச் போடவா, வேணாமா?"