கடற்பறவை ஏன் கத்துகிறது?

'வெர்டிகோ' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1958-ல் ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்தது. உயரத்தைக் கண்டாலே தலை சுற்றும் துப்பறிபவனாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் அவன் பின்தொடர்ந்து போய் மனத்தைப் பறிகொடுக்கும் சீமாட்டியாக கிம் நோவாக். அடுத்த முறை அதை வீட்டில் டி.வி.டி. போட்டுப் பார்க்கும்போது, ஸைப்ரஸ் பாயிண்ட் கடற்கரைக் கட்டத்தில் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கடற்பறவைகள் கத்தும், தூரத்தில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதல் கேட்கும். ஹிட்ச்காக்கின் கைத்திறன்தான் என்னே என்று வியப்பீர்கள். ஆனால் அந்த ஊதலும் கூவல்களில் சிலவும் 1996-ல் வந்து சேர்ந்தவை! ஹிட்ச்காக் காலமானதோ 1980-ல்.

நடந்தது இதுதான். பேச்சு, சங்கீதம், மற்றச் சப்தங்கள் மூன்றையும் தனித்தனியே பதிவு செய்து, கடைசியில் ஒன்றாகக் கலப்பார்கள். கலந்த பிறகு பிரிப்பது என்பது, அப்போதெல்லாம் காப்பியிலிருந்து டிகாக்ஷனைத் திரும்ப எடுக்கிற கதைதான். 1958-ல் அப்படிக் கலந்த ஒலி, ஒரே தடத்தில் இருந்தது.

பிலிம் வெளிறிப் போனதால் ராபர்ட் ஹாரிஸ், ஜேம்ஸ் காட்ஸ் என்ற இருவர் படத்தைப் புதுப்பிக்க முனைந்தார்கள். செலவு பத்து லட்சம் டாலருக்கும் மேல். வர்ணங்கள் மீண்டன, அதற்கு நாம் கை கூப்பவேண்டும். ஆனால் ஒலியும் ஆறு தடங்களில் முழங்கவேண்டும் என்று முடிவாயிற்று. பெர்னார்ட் ஹெர்மனின் சங்கீதம், பாரமௌண்ட் கிடங்கில் மூலப் பதிவாகவே கிடைத்துவிட்டது. மற்றச் சப்தங்களுக்கு எங்கே போவது? திரையில் காட்சியை ஓடவிட்டு, அதற்கேற்பப் பல சப்தங்களைப் புதிதாக எழுப்பிப் பதிவு செய்தார்கள். ஹிட்ச்காக் எழுதி வைத்திருந்த ஒலிக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தார்கள். அலட்சியம் என்று யாரும் சொல்லமுடியாது. பழைய தடத்தின் இரைச்சலையும் வெடிப்புகளையும் மறைக்கத்தான் பறவைகள் வந்தன. பட்டுப் புடவையின் கிழிசல் மேல் புதுப் பூ ஒன்று போடுகிறோமே, அந்த மாதிரி!

ரசிகர்களோ சண்டைக்கு வந்துவிட்டார்கள். சங்கீதம் ஓங்கிவிட்டது, மற்றச் சப்தங்கள் அமுங்கிவிட்டன என்று குறை. ஆரம்பக் காட்சியில், கூரைக்குக் கூரை தாவும் திருடனை நோக்கிப் போலீஸ்காரன் சுடுகிறானே, அந்த வெடியே வேறு என்று கோபம். எனக்கும் அவர்கள் கட்சிதான். நீண்ட நேரம் பேச்சே இல்லாமல் நகரும் படம் அது. அங்கே ஒரு சப்தம் மாறினாலும் பயத்தின் அளவு மாறிவிடாதா?

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். படத்தின் பிற்பகுதியில் ஜூடி என்ற கடைச் சிப்பந்திப் பெண்ணை, இழந்துபோனவளின் அச்சாக மாற்ற நாயகன் படாத பாடு படுகிறான். அதே சாம்பல் நிற உடை, அதே தலைமயிர் நிறம், அதே கொண்டை! 'நான் நானாக இருந்தால் போதாதா?' என்று அவள் தவிக்கிறாள். (முடிவைச் சொல்லமாட்டேன்.) பாவம், அந்தப் படத்துக்கும் அதே கதி!

புது ஒலி தரட்டும். பழையதையும் பக்கத்தில் வைத்தால் என்ன? 2005-ல் வந்த 'மாஸ்டர்பீஸ் கலெக்ஷன்' என்ற ஹிட்ச்காக் டி.வி.டி. தொகுப்பில் அப்படியே வைத்தார்கள். அது கிடைத்தால், ஒலியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'மோனோ' என்றிருப்பதை அழுத்துங்கள். பழைய தடமாயிற்றே, சற்று இரையும். டெலிவிஷன் கெட்டுப்போய்விட்டது என்று மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பிவிடாதீர்கள்!