பழைய குடியிருப்பை இடித்துக் கட்டப் போகிறீர்களா? முதலில் ஒரு எக்ஸெல் பட்டியல்!

விருதுநகரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் 12 வீடுகள். 1988-ல் கட்டியது. மொட்டை மாடி ஒழுகுகிறது. தூண்களில் கம்பி வெளியே தெரிகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவதாக ஒரு பில்டர் வந்தார். எல்லோருடைய ஆவணங்களையும் சேர்த்து, சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். "உங்க வீட்லதானே கம்ப்யூட்டர் இருக்கு" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அதைக் கடிதம் டைப் செய்யும் மெஷினாகத்தான் நானும் நினைத்தேன். அது போட்ட ஒரு கூட்டல் கணக்கு, நாங்கள் கையெழுத்துப் போடுவதையே நிறுத்தி வைத்தது. எப்படி என்று பார்ப்போம்.

சட்டம் கேட்பது என்ன?

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, கடந்த 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி மறுகட்டுமானத்திற்கு உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். 12 வீடு என்றால் 8 பேர்.

மும்பையில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பெயருக்கே நிலம் மாற்றப்படுவது வழக்கம். நம் பக்கம் பெரும்பாலும் அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் நிலத்தில் "பிரிக்கப்படாத பாகம்" இத்தனை சதுர அடி என்று தனித்தனிக் கிரயப் பத்திரம் வைத்திருப்பார். புதிய கட்டடத்தில் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு இந்தப் பாகத்தை வைத்துத்தான் நடக்கும். ஆகவே பத்திரங்களின் கூட்டுத்தொகை மொத்த நிலத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

முதல் வேலை: போல்டர்

டெஸ்க்டாப்பில் ஒரு போல்டர் திறந்து, அதனுள் வீட்டுக்கு ஒன்றாக 12 போல்டர்களை உருவாக்குங்கள். கிரயப் பத்திரம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகியவற்றை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து பிடிஎப் பைல்களாகச் சேமியுங்கள். "03-கிரயம்-1989" என்று பெயர் வைத்தால் பின்னால் தேடுவது எளிது. தாய்ப் பத்திரம், பட்டா, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் ஆகிய பொது ஆவணங்களுக்குத் தனி போல்டர் வேண்டும். ஆதார் நகல் தேவைப்பட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்கிக்கொள்ளுங்கள். பத்திர மூலங்களை ஸ்கேன் செய்ததும் உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வில்லங்கம் பார்க்கும்போது

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். இங்கே நம் மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் தாய்ப் பத்திரம் 1979-ஐச் சேர்ந்தது. அதில் இராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கிறது. 1985-ல் மாவட்டம் பிரிந்ததால் வீட்டுப் பத்திரங்களில் காமராசர் மாவட்டம். 1997-க்குப் பிறகு விருதுநகர் மாவட்டம். மூன்றும் ஒரே இடம்தான், பயப்பட வேண்டாம். பழைய சர்வே எண், நகர நில அளவை எண் இரண்டையும் கொடுத்துத் தேடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் சில பதிவுகள் கண்ணில் படாமல் போகும்.

எக்ஸெல் பட்டியல்

எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். நெட்டு வரிசைகளில் வீட்டு எண், பத்திரத்தில் உள்ள பெயர், இப்போதைய உரிமையாளர், பத்திர எண், பாகம் (சதுர அடி), வங்கிக் கடன் உண்டா என்று தலைப்புக் கொடுங்கள்.

இரண்டு இடங்களில் நான் ஏமாந்தேன். கதவு எண் 4/7 என்று டைப் செய்தால் எக்ஸெல் அதைத் தேதியாக மாற்றிவிடும். டைப் செய்யும் முன் அந்த நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து, பார்மட் செல்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். அடுத்தது, பாகம் எழுதும் செல்லில் எண் மட்டுமே இருக்க வேண்டும். "370 ச.அடி" என்று எழுதினால் எக்ஸெல் அதை எழுத்தாகக் கருதிக் கூட்டலில் விட்டுவிடும்.

பாகங்களின் கீழே உள்ள காலி செல்லில் க்ளிக் செய்து ஆட்டோசம் பட்டனை அழுத்தினேன். 3,691.6 வந்தது. எங்கள் நிலம் 11 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக 4,791.6 வர வேண்டும். தேடியதில் இரண்டு செல்களில் "ச.அடி" என்று சேர்த்து எழுதியிருந்தேன். நீக்கியதும் 4,431.6 ஆனது. அப்போதும் 360 சதுர அடியைக் காணோம்!

பத்திரங்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தேன். என் டைப்பிங்கில் தவறில்லை. வில்லங்கத்தில் நில உரிமையாளர் விற்றதாக 12 கிரயங்கள்தான் இருந்தன. 13-வதாக ஒரு வீடு கட்ட நினைத்து அந்தப் பாகத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். வீடு கட்டவே இல்லை; நிலம் மட்டும் இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. அவருடைய வாரிசுகள் சிவகாசியில் இருக்கிறார்கள்.

பில்டர் கொடுத்த சம்மதக் கடிதத்தில் "11 சென்ட் முழுவதற்கும் உரிமையாளர்களாகிய நாங்கள்" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டு, வீட்டைக் காலி செய்து, கட்டடத்தையும் இடித்த பிறகு இது தெரிந்திருந்தால்? வாடகை வீட்டில் இருந்துகொண்டு வழக்கு நடத்தியிருப்போம். எங்கள் வக்கீலும் இதை முதலில் தீர்க்கச் சொன்னார். வாரிசுகளோடு பேசி வருகிறோம். அதுவரை கையெழுத்து இல்லை.

பெயர் பொருந்துகிறதா?

பத்திரப் பெயரும் இப்போதைய உரிமையாளர் பெயரும் வேறாக உள்ள வரிசைகளுக்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். எங்கள் பட்டியலில் தரைத்தளத்து அம்மா ஒருவர் மஞ்சளில் வந்தார். கணவர் இறந்து பல வருடம். பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கிறது. "நான்தானே குடியிருக்கேன்" என்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட வந்தவர். பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று எடுத்துச் சொல்லி, வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வைத்தோம்.

கடைசியாக

சம்மதக் கடிதத்தை யூனிகோடு தமிழில் டைப் செய்யுங்கள். பழைய டிடிபி எழுத்துருக்களில் அடித்தால் அடுத்தவர் கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். பட்டியலை பிரிண்ட் எடுத்து 12 வீட்டுக்கும் கொடுங்கள். தன் பெயருக்கு நேரே உள்ள எண் சரியா என்று அவரவர் பார்த்துச் சொன்ன பிறகு பேனாவை எடுத்தால் போதும்.