எதிர்வரிசை காலியானபோது

பிரிட்டன் மீது போர் தொடுக்கும் தீர்மானம் 1812 ஜூனில் அமெரிக்கக் காங்கிரசின் கீழவையில் 79-49 என்ற கணக்கில் தேறியது. பெடரலிஸ்ட் கட்சியிலிருந்து ஓர் ஓட்டுகூட ஆதரவாக விழவில்லை. நியூ இங்கிலாந்து துறைமுகங்களின் கப்பல் முதலாளிகளும் வணிகர்களும்தான் அக்கட்சியின் தூண்கள். 1807-இன் வணிகத் தடையிலேயே அடிபட்டவர்களுக்குப் பிரிட்டனோடு சண்டை என்பது பிழைப்பில் மண் விழுவது.

1814 ஆகஸ்டில் வாஷிங்டனே எரிந்தது. அந்த டிசம்பர் 15-இல் பெடரலிஸ்ட் பிரதிநிதிகள் ஹார்ட்ஃபோர்டு நகரில் கதவைச் சாத்திக்கொண்டு கூடினார்கள். மொத்தம் 26 பேர். பிரிவினைப் பேச்சு வெளியே அடிபட்டதே தவிர, அவர்கள் அறிக்கை கேட்டது அரசியல் சட்டத் திருத்தங்களைத்தான். போர் தொடுக்க மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். வணிகத் தடை 60 நாளைத் தாண்டக்கூடாது. ஒருவர் ஒருமுறைதான் அதிபராகலாம். ஐந்து அடிமைகளை மூவராகக் கணக்கிட்டுத் தென் மாநிலங்கள் கூடுதல் இடம் பெறுவது நிற்க வேண்டும். கடைசிக் கோரிக்கை நியாயமானதே, ஆனால் அதில் அடிமைகள் மீதான கரிசனத்தைவிட இடக்கணக்கே தூக்கல்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு மாசசூசெட்ஸ் தூதர்கள் மூவர் 1815 பிப்ரவரி நடுவில், கரியேறி நின்ற தலைநகருக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரோ கொண்டாட்டத்தில் இருந்தது. ஜனவரி 8-இன் நியூ ஆர்லியன்ஸ் வெற்றிச் செய்தி வந்துவிட்டது. பின்னாலேயே, டிசம்பர் 24-இல் கென்ட் நகரில் கையெழுத்தான சமாதானமும் வந்தது. அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை பிடித்துப்போனதைக் காரணம் காட்டித் தொடங்கிய போர் அது. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? தூதர்கள் வந்த சுவடு தெரியாமல் திரும்பினார்கள். கட்சிமீது துரோகி முத்திரை விழுந்தது.

1800 முதலே தேய்ந்துவந்த கட்சி, போர் இல்லாவிட்டாலும் மறைந்திருக்கும் என்பாரும் உண்டு. எப்படியோ, 1816 அதிபர் தேர்தலில் அது 183-34 என்று தோற்றது. 1820-இல் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. அதன் கொள்கை மட்டும் சாகவில்லை. 1811-இல் தேசிய வங்கியின் ஆயுளை நீட்டிக்காமல் விட்ட ஆளுங்கட்சியான ஜனநாயகக் குடியரசுக் கட்சியே, போர்க்காலப் பணமுடையில் பாடம் கற்று 1816-இல் இரண்டாம் வங்கிக்கு வழிவிட்டது. உள்நாட்டு ஆலைகளைக் காக்க இறக்குமதி வரியையும் உயர்த்தியது.

இந்தக் காலத்துக்கு நல்லுணர்வுக் காலம் என்று 1817-இல் ஒரு பாஸ்டன் பத்திரிகை பெயர் சூட்டியது. பெயர்தான் அழகு. எதிர்வரிசை காலியானதும் அதிபரைத் தீர்மானிக்கும் உண்மையான இடம் ஆளுங்கட்சிக் காங்கிரஸ் உறுப்பினர்களின் கூட்டமாகிவிட்டது. அங்கே முடிவானவரை நிறுத்திக் கேள்வி கேட்க வெளியே வலுவான கட்சி இல்லை. 1824-இல் அந்தக் கூட்டத்துக்கே 66 பேர்தான் வந்தார்கள். ஒரே கட்சியின் நால்வர் ஒருவரோடொருவர் மோதினார்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. கீழவை முடிவு செய்தது. அதிக ஓட்டு வாங்கியும் பதவியை இழந்தவர், நியூ ஆர்லியன்ஸில் வென்ற அதே தளபதி. அவரைச் சுற்றித் திரண்டவர்கள் 1828-இல் அவரை அதிபராக்கி, ஜனநாயகக் கட்சியாக உருவெடுத்தார்கள். அவரை எதிர்த்தவர்கள் 1830-களில் விக் கட்சியாகத் திரண்டபோதுதான் எதிர்வரிசை மறுபடி நிரம்பியது.