கருமணலும் காசும்

மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் பொருளைக் காணவேண்டும் என்னும் விருப்பம் மனிதனிடம் தொன்றுதொட்டு இருந்துவருகிறது. புதையலைப் பற்றிய கதை வழங்காத ஊர் தமிழகத்தில் அரிது. பாழடைந்த கோட்டை, இடிந்த மண்டபம், ஊர்ப்புறத்து மேடு ஆகியவற்றின் அடியிற் பொற்குடம் இருப்பதாக முதியோர் கூறுவர். முற்காலத்தார் மையிட்டுப் பார்த்தும் குறிகேட்டும் அதனைத் தேடினர். இக்காலத்தார் அதற்கெனக் கருவி ஒன்று கண்டனர். அது உலோகங்காட்டி எனப்படும். ஆயினும், அக்கருவியையும் மயங்கச் செய்யும் மண் ஒன்று உண்டு. அதுவே கடற்கரையிற் படியும் கருமணல். அம்மயக்கம் எதனால் விளைகிறது என்பதும், அறிஞர் அதனை எவ்வாறு நீக்கினர் என்பதும் அறியத்தக்கன.

விருதுநகர் மாவட்டம் கடலைத் தொடாதது. எனினும் கருமணலின் இயல்பை அறிய அம்மாவட்டத்து மாணவர் கடற்கரைக்குச் செல்ல வேண்டுவதில்லை. சிவகாசியிற் செய்யப்படும் கம்பி மத்தாப்பைக் கொளுத்தினால் பூப்பூவாகப் பொறிகள் சிதறும். அப்பொறிகளுள் பொன்னிறமானவை இரும்புத்தூளால் உண்டாவன. இரும்புத்தூளைக் காந்தம் ஈர்க்கும் என்பது அவ்வூர்ச் சிறுவரும் அறிந்த செய்தி. ஒரு காந்தத் துண்டைத் தாளிற் பொதிந்து ஆற்றுமணலில் அளைந்து எடுத்தால், பல இடங்களில் அத்தாளின்மேல் கரிய துகள்கள் சிலிர்த்து நிற்பதைக் காணலாம். அவை மத்தாப்பிலிருந்து விழுந்த தூள் அல்ல. மலையிலிருந்து வந்த துகள்கள். அவற்றுட் பெரும்பாலானவை மேக்னடைட்டு என்னும் காந்தக்கல்லின் பொடியாகும்.

மலைப்பாறைகள் வெயிலாலும் மழையாலும் காற்றாலும் நாளடைவிற் சிதைகின்றன. சிதைந்த துகள்களை ஆறுகள் கடலுக்கு அடித்துச் செல்கின்றன. அவற்றைக் கடலலை கரையில் ஒதுக்குகிறது. அலை கரையேறும்போது எல்லாத் துகள்களையும் ஏந்தி வருகிறது. மீளும்போதோ இலேசானவற்றை வாரிச் செல்கிறது. கனத்தவற்றை விட்டுச் செல்கிறது. முறத்தில் நெல்லைப் புடைக்கும்போது பதர் விலக மணி தங்குவது போன்றது இச்செயல். வெண்மணலாகிய குவார்ட்சு, தன் பருமனுள்ள நீரைப்போல் 2.65 மடங்கு எடையுள்ளது. இல்மனைட்டு ஏறத்தாழ 4.7 மடங்கும், மேக்னடைட்டு 5.2 மடங்கும் எடையுள்ளன. ஆதலின், அலை ஓயாது புடைக்கும் கரைகளில் கருமணல் தனியே வரிவரியாகப் படிகிறது.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி இத்தகைய மணலாற் பெயர்பெற்றது. அப்பகுதி திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த காலத்தில், அங்கிருந்து அயல்நாட்டிற்குச் சென்ற தேங்காய் நார்க்கயிற்றில் மணல் ஒட்டியிருந்தது. ஷோம்பர்க் என்னும் செருமானிய வேதியியலார் அம்மணலில் மோனசைட்டு என்னும் அரிய கனிமம் கலந்திருத்தலை 1909ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். பிறர் உதறித் தள்ளிய மணலே அவருக்குச் செல்வமாகத் தோன்றியது. இந்திய அருமண் நிறுவனம் 1950ஆம் ஆண்டில் தோன்றியது. அந்நிறுவனம் மணவாளக்குறிச்சியில் இல்மனைட்டு, உரூட்டைல், சிர்க்கான், மோனசைட்டு, கார்னெட்டு முதலியவற்றைப் பிரித்தெடுக்கிறது. எடை, காந்தத் தன்மை, மின்கடத்தும் தன்மை ஆகியவற்றின் வேறுபாடே அவற்றைப் பிரிக்க உதவுகிறது.

கருமணல் தங்கும் இடத்தில் அதனினும் கனத்த பொருள்களும் தங்குதல் இயல்பு. செம்பு நீரைப்போல் 8.9 மடங்கும், வெள்ளி 10.5 மடங்கும், பொன் 19.3 மடங்கும் எடையுள்ளன. கடற்கரையில் வீழ்ந்த காசும் மோதிரமும் மெல்ல மெல்ல மணலில் ஆழ்ந்து, கனத்த மணலடுக்கிற் சென்று சேரும். தரங்கம்பாடியில் 1620ஆம் ஆண்டு முதல் 1845ஆம் ஆண்டு வரை தேனியர் வாணிகம் நடத்தினர். தம் பெயரால் ஈயக்காசும் செப்புக்காசும் வெளியிட்டனர். அவ்வூர்க் கரையைக் கடல் அரித்துவந்தமையால், அலை ஒதுக்கிய பழங்காசுகளை மணலிற் பொறுக்கியவர் உண்டு. எனவே கருமணற் பகுதி தேடத்தக்க இடமே. ஆனால், அங்கேதான் கருவி தடுமாறுகிறது.

உலோகங்காட்டியின் வரலாறு தடுமாற்றத்தோடுதான் தொடங்கியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு 1881ஆம் ஆண்டில் துப்பாக்கியாற் சுடப்பட்டார். அவர் உடலில் தங்கிய குண்டைக் காண, தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் மின்கருவி ஒன்றை அமைத்தார். அக்கருவி சோதனையில் நன்கு வேலை செய்தது. நோயாளியினிடத்தில் பயன் தரவில்லை. குண்டு இருப்பதாக மருத்துவர் கருதிய பக்கமே சோதிக்கப்பட்டது. படுக்கையில் அமைந்திருந்த உலோகச் சுருள்களும் கருவியைக் குழப்பின. தேடும் பொருளைச் சுற்றி அதனைப்போல் ஒலி தரும் பிறபொருள் இருப்பின் தேடுதல் அரிது என்னும் உண்மையை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

பின்னர்க் கலிபோர்னியாவில் வாழ்ந்த செருமானியராகிய கெர்ஹார்டு பிஷர், வானொலி அலைகளாற் திசையறியும் கருவிகளை ஆராய்ந்தார். தாதுப் பாறைகள் உள்ள இடங்களில் அக்கருவிகள் பிழைபட்டன. பிறர் அதனைக் குறை என்று தள்ளியிருப்பர். அவரோ, பிழையை உண்டாக்கும் பொருளை அப்பிழையைக் கொண்டே காணலாம் என்று எண்ணினார். அவர் அமைத்த உலோகங்காட்டிக்கு 1937ஆம் ஆண்டிற் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டுப் பொறியாளர் யோசெப் கோசாட்ஸ்கி, நிலக்கண்ணி வெடிகளைக் காணும் கருவியை ஆக்கினார். 1942ஆம் ஆண்டு எல் அலமைன் போரில் அது பயன்பட்டது. புதையல் தேடும் கருவி உயிர்காக்கும் கருவியும் ஆயிற்று.

இக்கருவி இயங்கும் முறை எளிது. நீண்ட கோலின் நுனியிலுள்ள வட்டில் கம்பிச்சுருள்கள் உள்ளன. ஒரு சுருளில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. அதனால் சுருளைச் சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் எழுகிறது. அப்புலம் மண்ணுள் இறங்கி உலோகத்தைத் தொடும்போது, உலோகத்தில் சிறு மின்சுழல்கள் தோன்றுகின்றன. அச்சுழல்கள் தமக்கென ஒரு காந்தப்புலத்தை எழுப்புகின்றன. மற்றொரு சுருள் அதனை உணர்ந்து ஒலியாக மாற்றித் தருகிறது.

காந்தக்கல் கலந்த கருமணலும் கருவியின் புலத்திற்கு விடை தருகிறது. ஒரு காசு தரும் விடை சிறிது. அதனைச் சூழ்ந்த கோடிக்கணக்கான துகள்கள் சேர்ந்து தரும் விடை பெரிது. சந்தைக் கூச்சலின் நடுவே ஒரு குழந்தை மெல்லிய குரலில் அழைப்பது போன்றது காசின் நிலை. மணல் கரியதாக இருத்தல் மட்டும் இதற்குக் காரணம் அன்று. இல்மனைட்டும் கரியதே, அதன் காந்தத் தன்மை குறைவு. மேக்னடைட்டு மிகுந்த மணலே கருவியைப் பெரிதும் மயக்கும். உப்புநீரோ மின்சாரத்தைக் கடத்தும். ஆதலின், ஈரமான கரையில் நீரும் ஒரு பொய்யுலோகமாக நடிக்கும்.

ஆயினும், மணலின் விடைக்கும் உலோகத்தின் விடைக்கும் வேறுபாடு உண்டு. காந்தக்கல்லின் விடை நிழல்போல் உடன் வருவது. காசின் விடை எதிரொலிபோல் சிறிது பிந்தி வருவது. அந்தக் காலவேற்றுமை மிக நுண்ணியது. எனினும் கருவி அதனை அளக்கவல்லது. வணிகர் எண்ணெயை நிறுக்கும்முன் வெறும் பாத்திரத்தின் எடைக்கு ஈடாக எதிர்த்தட்டிற் கல்லிட்டுச் சமன் செய்வர். அதன்பின் தட்டில் ஏறுவது எண்ணெயின் எடை மட்டுமே. அதுபோல, தேடுவோர் முதலில் உலோகம் இல்லாத இடத்தில் வட்டை மேலும் கீழும் அசைத்து, மணலின் குரல் அடங்கும் அளவிற்குக் கருவியைத் திருத்துவர். இது நிலச்சமன் எனப்படும். அதன்பின் எழும் ஒலி மணலுக்குரியது அன்று. மணல் மாறும் இடந்தோறும் இச்சமனை மீண்டும் செய்தல் வேண்டும்.

கருமணலும் உப்புநீரும் ஒருங்கே இருப்பின் இம்முறை மட்டும் போதாது. ஒன்றற்குச் சமன் செய்தால் மற்றொன்று குரலெழுப்பும். அத்தகைய இடங்களுக்குத் துடிப்புமுறைக் கருவிகள் உதவுகின்றன. அவை மின்னோட்டத்தை ஒரு கணம் பாய்ச்சி உடனே நிறுத்திவிடும். நிறுத்திய பின்னரே செவிசாய்க்கும். அதற்குள் மேக்னடைட்டின் விடை பெரும்பாலும் அடங்கிவிடும். உப்புநீரின் விடையும் விரைவில் தேயும். உலோகத்தின் விடை மட்டும் சற்றே நீடிக்கும். ஆயினும் இரும்பாணியையும் வெள்ளிக்காசையும் வேறுபடுத்தி அறிதல் இக்கருவிக்கு எளிதன்று. வேறு சில கருவிகள் ஒரே வேளையிற் பல அதிர்வெண்களைச் செலுத்தி, விடைகளை ஒப்பிட்டு உப்புநீரின் குரலை நீக்கும். சிறிய வட்டு, மெல்லிய அசைவு, குறைத்த உணர்திறன் ஆகியனவும் கருமணலில் நன்மை தரும். அளவுக்கு மிஞ்சிய உணர்திறன் கூச்சலையே பெருக்கும்.

மறைந்த உலோகத்தை அறிதல் பொழுதுபோக்கு மட்டும் அன்று. சிவகாசிப் பட்டாசுச் சாலைகளில் வெடிமருந்து கலக்கும் அறைக்குள் இரும்புக் கருவிகள் புகுதல் கூடாது. இரும்பு உரசினாற் பொறி பிறக்கும். ஒரு பொறி பல உயிர்களைக் கொள்ளும். சிறிய உலோகத்துண்டும் எத்துணைப் பெரிய செய்தி என்பதை அப்பகுதி மக்கள் அறிவர்.

அதே சிவகாசிக்கு அண்மையில், வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை உள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் 2022ஆம் ஆண்டு முதல் அங்கே அகழாய்வு நடத்தினர். சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், செப்புக்காசுகள், பொன்னணிகள் முதலியன கிடைத்தன. அவற்றைக் கொண்டே அங்கு வாழ்ந்த மக்களின் தொழிலையும் வாணிகத்தையும் அறிஞர் ஆராய்கின்றனர். இங்கு ஓர் உண்மை எண்ணத்தக்கது. சங்கும் சுடுமண்ணும் கண்ணாடியும் உலோகங்காட்டிக்குக் கேளா. கருவியை நம்பித் தோண்டுபவர் காசை எடுப்பர்; அதன் அருகிலிருந்த வளையலையும் மணியையும் உடைத்தெறிவர். எந்த மண்ணடுக்கில் எப்பொருளோடு கிடந்தது என்னும் செய்தியோடு கிடைக்கும் காசு ஒரு காலத்தைப் பேசும். அச்செய்தியை இழந்த காசு ஊமையாகிவிடும்.

ஆதலினாலேயே சட்டமும் இதில் தலையிடுகிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். மறைத்தல் குற்றமாகும். மண்ணில் ஒரு பழம்பொருள் தென்படின், அதனைப் பெயர்க்காது இடத்தைக் குறித்துக்கொண்டு உரியவர்க்கு அறிவிப்பதே முறை.

கருமணலிற் பொருள் காண்பவன் முதலில் மணலின் குரலை அறிந்து அதனை விலக்குகின்றான். பின்னரே காசின் குரலைக் கேட்கின்றான். பழம்பொருளைக் காண்பவனும் அவ்வாறே, தன் ஆசையின் கூச்சலை அடக்கிய பின்னரே அப்பொருள் கூறும் வரலாற்றைக் கேட்க இயலும். கருவி இடத்தைக் காட்டும். பொருளின் மதிப்பைக் காட்டுவது அறிவே ஆகும்.