தடை தாண்ட மறுக்கும் இளங்குதிரை

குதிரையேற்றப் போட்டிகளில், தாண்ட வேண்டிய தடையின் முன் குதிரை நின்றுவிடுவதும், தடையை விட்டு ஒரு பக்கமாக விலகி ஓடுவதும் தடை மறுப்பு எனப்படும். போட்டிக்குப் புதிதாக வரும் இளங்குதிரைகளிடம் இது அடிக்கடி காணப்படும். பார்ப்பவர்களுக்கு இது குதிரையின் பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால் பெரும்பாலும் வலி, அச்சம், பயிற்சிக் குறைவு, சவாரி செய்பவரின் பிழை ஆகியவற்றில் ஒன்றே காரணமாக இருக்கும். குதிரையால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அது நின்று காட்டுகிறது. காரணத்தை அறியாமல் அடித்துத் தாண்டவைக்க முயல்வது குதிரைக்கும் அதன்மேல் அமர்ந்திருப்பவருக்கும் ஆபத்தாகும்.

போட்டி விதிகள்

இப்போட்டிகளை உலக அளவில் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பும், நம் நாட்டில் இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பும் நெறிப்படுத்துகின்றன. மைதானத்தில் நடக்கும் தடை தாண்டும் போட்டியில் ஒரு கம்பு விழுந்தால் 4 தண்டப் புள்ளிகள். முதல் மறுப்புக்கும் 4 புள்ளிகள். பன்னாட்டுப் போட்டிகளில் இரண்டாம் முறை மறுத்தால் குதிரை போட்டியிலிருந்து நீக்கப்படும். திறந்தவெளியில் நெடுந்தூரம் ஓடித் தாண்டும் போட்டியில் முதல் மறுப்புக்கு 20 புள்ளிகளும், அதே தடையில் மீண்டும் மறுத்தால் மேலும் 40 புள்ளிகளும் சேரும்.

ஒரே மறுப்பு போட்டியின் முடிவையே மாற்றிவிடும் என்பதால், அந்த நேரத்தில் சவாரி செய்பவர் பதற்றமடைவது இயல்பு. அந்தப் பதற்றம் கடிவாளத்தின் வழியாகவும் கால்களின் அழுத்தத்தின் வழியாகவும் குதிரைக்குப் போய்ச் சேரும்.

குதிரை தாண்டும் முறை

தடையை நெருங்கும்போது குதிரை பின்னங்கால்களை வயிற்றுக்குக் கீழே கொண்டுவந்து, முன்னுடலை உயர்த்தி, பின்னங்கால்களால் தரையை உந்தி எழும்புகிறது. திருவரங்கம் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கற்குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உடலின் எடை முழுவதும் பின்னங்கால்களுக்கு மாறுகிறது. பின்னங்காலிலோ முதுகிலோ வலியுள்ள குதிரை இந்த நிலைக்கு வரவே தயங்கும். முன்னங்குளம்பில் வலி இருந்தால் இறங்கும்போது ஏற்படும் அதிர்ச்சிக்கு அஞ்சும்.

பாய்ந்தோடும் குதிரையின் ஓர் அடி ஏறத்தாழ 3.5 மீட்டர் நீளமுள்ளது. இரண்டு தடைகளுக்கு நடுவே ஒரே ஓர் அடி வைக்கச் செய்ய 7 முதல் 8 மீட்டர் வரை இடைவெளி விடுவார்கள். முதல் தடையிலிருந்து இறங்க ஏறத்தாழ அரை அடியும், அடுத்த தடைக்கு எழும்ப அரை அடியும் வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். இந்தக் கணக்கு தவறினால், தடைக்கு மிக அருகிலோ மிகத் தொலைவிலோ இருந்து எழும்ப நேரிடும். இரண்டுமே முடியாது என்று உணரும் குதிரை நின்றுவிடும்.

குதிரையின் பார்வை

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. அதனால் தன்னைச் சுற்றி ஏறத்தாழ 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே, மிக அருகில் உள்ள பகுதி அதற்குத் தெரியாது. எழும்பும் கணத்தில் தடை அந்த மறைவிடத்துக்குள் வந்துவிடும். ஆகவே, சில அடிகளுக்கு முன்பே தடையைப் பார்த்து அளந்துகொள்ளக் குதிரைக்குத் தலையை உயர்த்தவும் தாழ்த்தவும் இடம் வேண்டும். கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது.

குதிரையால் நீலத்தையும் மஞ்சளையும் வேறுபடுத்த முடியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். பச்சைப் புல்லில் வைத்த செம்மஞ்சள் நிறத் தடை மனிதருக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் குதிரைக்கு அப்படித் தெரிவதில்லை. இது ஆய்வில் தெரியவந்தபின், பிரித்தானியக் குதிரைப் பந்தயத் திடல்களில் தடைகளின் செம்மஞ்சள் நிறத்தை வெள்ளையாக மாற்றும் பணி 2022-இல் தொடங்கியது.

மறுப்பதற்கான காரணங்கள்

வலி: ஏறத்தாழ இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். அக்காலத்தில் வாயிலுள்ள கடிவாள இரும்பு உறுத்தும். முதுகெலும்பின் வளர்ச்சி முழுமை பெற ஐந்தாறு வயதுகூட ஆகலாம். வளரும் குதிரையின் முதுகு வடிவம் மாறுவதால், சென்ற ஆண்டு பொருந்திய சேணம் இந்த ஆண்டு அழுத்தலாம். லாடம் சரியாக அமையாமை, இரைப்பைப் புண் ஆகியவையும் காரணங்களாகும்.

அச்சம்: வீட்டு லாயத்தில் தயங்காமல் தாண்டும் குதிரை, போட்டித் திடலின் கொடிகள், ஒலிபெருக்கி, கூட்டம், தடையின் கீழுள்ள தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைக் கண்டு மிரளலாம்.

பயிற்சிக் குறைவு: உயரத்தை வேகமாகக் கூட்டிக்கொண்டே போனால், குதிரையின் உடல் வலிமைக்கும் மனத் துணிவுக்கும் மீறிய தடை ஒருநாள் எதிரே நிற்கும்.

சவாரிப் பிழை: கோணலாகத் தடைக்குக் கொண்டுவருவது, கடைசி அடியில் முன்னால் சாய்வது, தாண்டும்போது வாயை இழுப்பது ஆகியவை பொதுவான பிழைகள். தாண்டிய ஒவ்வொரு முறையும் வாயில் வலி கிடைத்தால், தாண்டாமல் இருப்பதே நல்லது என்று குதிரை கற்றுக்கொள்ளும்.

முதலில் செய்ய வேண்டியவை

முன்பு நன்றாகத் தாண்டிய குதிரை திடீரென மறுக்கத் தொடங்கினால், கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முதல் வேலை. கால்கள், முதுகு, பற்கள், குளம்புகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். லாடம் கட்டுபவரையும் அழைத்துக் கேட்பது நல்லது. சேணத்தைக் கழற்றியபின் முதுகில் முடி தேய்ந்த இடமோ, தொட்டால் சுருங்கும் இடமோ உள்ளதா என்று கையால் தடவிப் பார்க்கலாம். வலி இல்லை என்று உறுதியான பின்னரே பயிற்சியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மீண்டும் பழக்கும் முறை

1. தரையில் கிடத்திய கம்புகளின் மேல் முதலில் நடக்கவும், பிறகு மெதுவாக ஓடவும் விடவேண்டும்.
2. இரண்டு கம்புகளைக் குறுக்காகச் சாய்த்த தாழ்வான தடையைத் தாண்டச் செய்யலாம். நடுப்பகுதி தாழ்ந்திருப்பதால் குதிரை தானாகவே நடுவுக்கு வரும்.
3. புதிய வகைத் தடையானால், பழகிய குதிரை ஒன்றை முன்னே விட்டு, அதன் பின்னால் இளங்குதிரையை அனுப்பலாம்.
4. மறுத்தால் அங்கிருந்து திருப்பி லாயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. நின்றால் வேலை முடிந்துவிடும் என்ற பாடத்தை அது கற்கும். அதற்காக அதே உயரத்தில் மோதவும் கூடாது. தடையை அங்கேயே தாழ்த்தி, நடந்தே கடக்கும் அளவுக்குக் கொண்டுவந்து, கடந்ததும் கழுத்தில் தட்டிக்கொடுக்க வேண்டும்.
5. நன்றாகத் தாண்டியவுடன் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடலாம். களைத்த குதிரை மீண்டும் தவறும்.

முன்சாய்ந்து அமர்ந்து குதிரையின் முதுகுக்கும் வாய்க்கும் சுதந்திரம் தரும் இன்றைய தாண்டும் முறையை வகுத்தவர் இத்தாலியப் படைவீரர் ஃபெடெரிகோ காப்ரில்லி (1868–1907). குதிரையைத் தடுக்காமல் விட்டாலே அது நன்றாகத் தாண்டும் என்பது அவர் முறையின் அடிப்படை.

போட்டியில் மறுத்தால்

முதல் மறுப்புக்குப் பின் அவசரமாகத் திரும்பி வேகத்தைக் கூட்டுவது பெரும்பாலும் பயன் தராது. போதிய தூரம் விலகி, தடைக்கு நேராக, சீரான வேகத்தில் வரவேண்டும். நீக்கப்பட்டால் அமைதியாக வெளியேறுவதே முறை. கோபத்தைத் தீர்க்கச் சாட்டையைப் பயன்படுத்துவது, தலையில் அடிப்பது, நீக்கப்பட்ட பின் அடிப்பது ஆகியவை பன்னாட்டு விதிகளின்படி தடைசெய்யப்பட்டவை. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, விலங்கைத் தேவையற்ற துன்பத்துக்கு உள்ளாக்கும் வகையில் அடிப்பதையும் அளவுக்கு மீறிச் சவாரி செய்வதையும் குற்றமாக்குகிறது.

டோக்கியோ நிகழ்வு

2021 ஆகஸ்ட் 6 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறப் போட்டியில் ஜெர்மனியின் அனிகா ஷ்லோய் முன்னிலையில் இருந்தார். அப்போது இப்போட்டியில் குலுக்கலில் கிடைக்கும் முன்பின் அறியாத குதிரையில் ஏற வேண்டியிருந்தது. பழகிக்கொள்ள 20 நிமிடங்களே தரப்பட்டன. அவருக்குக் கிடைத்த செயின்ட் பாய் என்ற குதிரை, அன்று அதற்கு முன் ஏறிய வீராங்கனையிடமும் தாண்ட மறுத்திருந்தது. ஷ்லோயும் அழுதபடியே சாட்டையைப் பயன்படுத்தினார். அவருடைய பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தினார். குதிரை பணியவில்லை. ஷ்லோய் 31-ஆம் இடத்துக்குச் சென்றார். பயிற்சியாளர் மீதமிருந்த போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டார். இதையடுத்து எழுந்த எதிர்ப்பால், 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றமே விலக்கப்பட்டது. செயின்ட் பாய் தாண்டப் பழகிய குதிரைதான். பழகிய குதிரைக்கே இந்த நிலை என்றால், இளங்குதிரைக்கு எவ்வளவு பொறுமை தேவை என்பதை இந்நிகழ்விலிருந்து அறியலாம்.

பொறுமையின் பயன்

ஒலிம்பிக் தடை தாண்டும் போட்டியில் பங்கேற்கக் குதிரைக்குக் குறைந்தது 9 வயதும், மூன்று பிரிவுகள் கொண்ட முந்நிலைப் போட்டியில் 8 வயதும் ஆகியிருக்க வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது என்பதை இந்த விதியே உணர்த்துகிறது. பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா, சென்யோர் மெடிகாட் என்ற குதிரையில் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் முந்நிலைப் போட்டியில் வெள்ளி வென்றார். 1982-க்குப் பின் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது. மூன்று ஆண்டுகள் கழித்து, ஷ்லோய் போட்டியிட்ட அதே டோக்கியோ ஒலிம்பிக்கில், அதே குதிரையில் மிர்சா இறுதிச் சுற்றுவரை சென்று 23-ஆம் இடம் பெற்றார். குலுக்கலில் கிடைத்த குதிரைக்கும் ஆண்டுக்கணக்கில் உடன் பழகிய குதிரைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.