வெள்ளியா, வெள்ளையா?

தேக்கா நிலையத்தில் பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டதும் கடைவாய்ப் பல்லில் 'சுரீர்' என்றது. மறுநாள் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு பல் மருந்தகத்துக்கு அம்மாவுடன் சென்றேன்.

"சொத்தைதான், அடைத்துவிடலாம். வெள்ளி நிறமா, பல் நிறமா?" என்று மருத்துவர் கேட்டார்.

அம்மா குறுக்கிட்டார். "வெள்ளியில் பாதரசம் இருக்கிறதாமே, டாக்டர்? வாட்ஸ்அப்பில் வந்தது. என் இரண்டு பல்லிலும் அதுதான். எடுத்துவிடலாமா?"

அவர் குரலில் இருந்த பயம் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

வெள்ளி நிற அடைப்பின் பெயர் அமால்கம். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம்; மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. உறுதியானது, விலையும் குறைவு. ஆனால், அது பல்லோடு ஒட்டாது. பிடிப்புக்காக நல்ல பகுதியையும் சற்றுக் குடைய வேண்டும்.

பல் நிறத்தில் இருப்பது காம்போசிட். பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த இது, நீல ஒளி பட்டதும் இறுகிப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால், அடைக்கும்போது எச்சில் பட்டால் பிடிப்பு குறையும். நேரமும் செலவும் அதிகம்.

மூன்றாவது, கிளாஸ் அயனோமர். பல்லைக் காக்கும் ஃபுளோரைடைச் சிறிது சிறிதாக வெளியிடும். பால் பற்களுக்கு ஏற்றது; அழுத்தம் மிகுந்த கடைவாயில் விரைவில் தேயும்.

அப்படியானால் பாதரசம்?

ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவு கடலில் கலந்து, மீன்வழி மக்களைத் தாக்கிய நோய் 1956ல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கு நஞ்சானது மெத்தில் பாதரசம். பல்லில் இருப்பது இறுகிய உலோகக் கலவை. இரண்டும் ஒன்றல்ல. எனினும், பாதரசம் சுற்றுச்சூழலில் கலப்பதைக் குறைக்க 2017ல் நடப்புக்கு வந்த மினமாட்டா உடன்பாட்டில் சிங்கப்பூரும் சேர்ந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அமால்கம் அடைப்பை, சில விதிவிலக்குகளுடன், நிறுத்திவிட்டது.

அதற்காகப் பழையதைத் தோண்டி எடுக்கத் தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள அடைப்பை அகற்றினால் பாதரச ஆவி வெளிப்படும், நல்ல பல்லும் குறையும் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். எங்கள் மருத்துவரும் அதையே சொன்னார்.

அம்மாவின் வெள்ளி அப்படியே இருக்கிறது. எனக்குக் காம்போசிட். கட்டணச் சீட்டைப் பார்த்த அம்மா கேட்டார்: "இந்தக் காசுக்கு எத்தனை பல்துலக்கி வாங்கியிருக்கலாம்?"

பதில் சொல்ல முடியவில்லை. வாய் இன்னும் மரத்துப்போயிருந்தது.