கரிமத் தனி உறுப்புகளும் இடைநிலை உலோகங்களும் இணைந்த பொருள்களின் காந்தப் பண்பு

ஆய்வுச் சுருக்கம்

கரிமத் தனி உறுப்பும் இடைநிலை உலோக அயனியும் நேரடியாகப் பிணையும்போது அவற்றின் தற்சுழற்சிகள் பெரும்பாலும் எதிரெதிராக அமைகின்றன. அவ்வாறு அமைந்தும் அப்பொருள்கள் காந்தமாவது எவ்வாறு என்பதையும், அக்காந்தத்தன்மை நிலைக்கும் வெப்பநிலையைத் தீர்மானிக்கும் கூறுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தனி உறுப்பு, இடைநிலை உலோகம், தற்சுழற்சி, ஃபெர்ரி காந்தம், மூலக்கூற்றுக் காந்தம்.

முன்னுரை

இடைநிலை உலோக அயனிகள் பலவற்றில் இணையாகாத எலக்ட்ரான்கள் உள்ளன. இரு உலோக அயனிகளுக்கு இடையே காந்தத்தன்மையற்ற ஈனி அமைந்தால், காந்த இடைவினை அதனூடே கடந்து செல்ல வேண்டியிருப்பதால் வலுக் குறைகிறது. ஈனியே இணையாகாத எலக்ட்ரானைக் கொண்டிருந்தால் இடைவினை நேரடியானதாகிறது. 1980களில் ஃபுளோரன்ஸ் நகரில் தாந்தே கத்தெஸ்கி குழுவினரும் கிரெனோபிள் நகரில் பால் ரேயும் வளர்த்தெடுத்த 'உலோகம்–தனி உறுப்பு' அணுகுமுறையின் அடிப்படை இதுவே.

ஆர்பிட்டால்களின் மேற்பொருந்துதல்

+2 ஆக்சிஜனேற்ற நிலையிலுள்ள தாமிர அயனியில் ஓர் இணையாகாத எலக்ட்ரான் உண்டு. நீண்ட எண்முகி வடிவ அணைவுகளில் அது நடுத்தளத்தில் விரிந்த டி-ஆர்பிட்டாலில் இருக்கிறது. நைட்ராக்சைடு தனி உறுப்பின் ஆக்சிஜன் அத்தளத்தில் பிணைந்தால் இருவகை ஆர்பிட்டால்களும் மேற்பொருந்துகின்றன. தற்சுழற்சிகள் எதிரெதிராகி ஒன்றையொன்று நீக்குகின்றன. அதே ஆக்சிஜன் அச்சுநிலையில் பிணைந்தால் மேற்பொருந்துதல் ஏறத்தாழ அற்றுப்போகிறது. தற்சுழற்சிகள் ஒரே திசையில் அமைகின்றன. எனினும் இவ்விடைவினை வலுக்குறைந்தது. உலோகமும் தனி உறுப்பும் மாறாதிருக்க, பிணையும் இடம் மட்டுமே காந்தப் பண்பை மாற்றிவிடுகிறது.

சமமற்ற தற்சுழற்சிகள்

+2 நிலை மாங்கனீசு அயனியின் ஐந்து டி-ஆர்பிட்டால்களிலும் ஒவ்வோர் எலக்ட்ரான் இருப்பதால் மேற்பொருந்துதல் தவிர்க்க இயலாதது. எதிரெதிர் அமைப்பே விளைகிறது. ஆயினும் மாங்கனீசின் தற்சுழற்சி 5/2, தனி உறுப்பினுடையது 1/2. எனவே ஒவ்வோர் அலகிலும் 2 எஞ்சுகிறது. இதுவே ஃபெர்ரி காந்தமாகும். நைட்ரோனைல் நைட்ராக்சைடும் மாங்கனீசும் மாறி மாறி அமைந்த சங்கிலிச் சேர்மங்கள் இதற்குச் சான்று. சங்கிலிக்குள் இடைவினை மிக வலிது. ஆனால் ஒற்றைப் பரிமாணச் சங்கிலியில் ஓரிடத்தில் தற்சுழற்சி புரண்டாலும் ஒழுங்கு முறிகிறது. சங்கிலிகளுக்கு இடையிலான இடைவினை நலிந்ததாதலால், சுமார் 8 கெல்வினுக்குக் கீழேயே இவை காந்தமாகின்றன.

வலைப்பின்னல் அமைப்பு

இடைவினை பல திசைகளில் பரவினால் இவ்வெல்லை உயர்கிறது. 1991இல் ஜோயல் மில்லர், ஆர்தர் எப்ஸ்டீன் குழுவினர் வனேடியத்தையும் டெட்ராசயனோஎத்திலீனையும் இணைத்து உருவாக்கிய பொருள் அறை வெப்பநிலையிலேயே காந்தமாக இருந்தது. வனேடியத்தின் 3/2 தற்சுழற்சிக்கு எதிராக, ஏறத்தாழ இரண்டு தனி உறுப்புகளின் தற்சுழற்சி மொத்தம் 1; எஞ்சுவது 1/2. சுமார் 350 கெல்வினில் இப்பொருள் காந்தத்தன்மையை இழப்பதற்கு முன்னரே சிதைகிறது; காற்றுடன் விரைந்து வினைபுரிவது இதன் பெருங்குறை. 2020இல் குரோமியத்துடன் ஒடுக்கமடைந்த பைரசீனை இணைத்து ஆக்கப்பட்ட பொருள் 242 டிகிரி செல்சியஸ் வரை காந்த ஒழுங்கைத் தக்கவைத்தது. அறை வெப்பநிலையில் அதன் காந்த நீக்குத்திறன் 7500 ஓர்ஸ்டெட்.

முடிவுரை

எதிரெதிர் இணைவு எஞ்சும் காந்தத் திருப்புத்திறனைக் குறைக்கிறது. ஆனால் வலிய மேற்பொருந்துதலிலிருந்து பிறப்பதால் அதுவே வெப்பக் குலைவைத் தாங்கும் ஆற்றலையும் தருகிறது. தற்சுழற்சிகளை ஒரே திசையில் அமைப்பதைவிட, சமமற்ற தற்சுழற்சிகளை வலுவாக எதிரெதிரே பிணைத்துப் பல பரிமாணங்களில் விரிப்பதே இப்பொருள்களில் உயர் வெப்பநிலைக் காந்தத்திற்கு வழிவகுத்துள்ளது எனலாம்.